பொட்டலத்தை ஒட்டாமல் கொடுத்துவிடுங்கள்: வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், அக்காக்களுக்கும் மாமிகளுக்கும்,

வணக்கம். நான் கருங்கல் பக்கத்துக்காரன். பத்தொன்பது வருடம் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் லோடர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். நீங்கள் கவுண்டரில் கொடுக்கும் பெட்டி பெல்ட்டில் போய் மறைகிறதே, அதற்கு அப்புறம் அதை எடுத்து ட்ராலியில் ஏற்றி, விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டு அடுக்குவதுதான் லோடர் வேலை. நம் ஊர்ப் பெட்டியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நான்கு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டைப்பெட்டி. கிட்டே போனால் கருவாட்டு வாசனை அடிக்கும். அதைத் தூக்கி வைக்கிற அந்த அரை நிமிடம் ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பொட்டலத்தைப் பற்றித்தான் இந்த மடல். பயணம் போகிறவனுடைய பொருள் இல்லை அது. நீங்கள் கொடுத்துவிட்டது.

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம்தான் நமக்கு வாசல். இன்னார் மகன் இன்ன தேதிக்குப் போகிறான் என்று தெரிந்துவிட்டால், முந்தின நாள் சாயங்காலமே அந்த வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் ஒரு பை. “மக்களே, ரெண்டு கிலோதான் இருக்கும். அவன் உன் ரூமுக்கே வந்து வாங்கிக்கிடுவான்.” முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், நெத்திலிக் கருவாடு, மாங்காய் ஊறுகாய், கருப்பட்டி. எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பேப்பரில் சுற்றி, அதன்மேல் பிரவுன் டேப்பை வரிவரியாக ஒட்டியிருக்கும். எண்ணெய் கசியக் கூடாது, எறும்பு ஏறக் கூடாது என்கிற அக்கறையில் ஒட்டுகிற டேப் அது. ஆனால் ஒட்டி முடித்த பிறகு உள்ளே இருப்பது என்ன என்று உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

வாங்குகிறவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. உள்ளே என்ன என்று கேட்கவும் முடியாது. கேட்டால், நம்மையே சந்தேகப்படுகிறான் பார் என்று ஆகிவிடும். அவன் அம்மாவே அவனை அதட்டுவாள். நானும் அப்படி வாங்கிக்கொண்டு போனவன்தான்.

2001-ல் முதல்முதலாகப் போனபோது என் பெட்டியில் மூன்று பொட்டலம் இருந்தது. அதில் ஒன்றைப் பக்கத்து வீட்டு மாமி பழைய சேலைத் துணியில் பொதிந்து, சாக்கு ஊசியால் சுற்றிலும் தைத்துத் தந்திருந்தார். சோதனையில் என் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். எந்த விமான நிலையம் என்பது இப்போது முக்கியமில்லை. ஒருவர் இந்தியில் கேட்டார். புரியவில்லை. இன்னொருவர் மலையாளத்தில் கேட்டார். உள்ளே என்ன? தெரியாது என்றேன். யார் தந்தது? பக்கத்து வீட்டில். பிரித்துப் பார்த்தாயா? இல்லை. ஏன் பார்க்கவில்லை?

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓரமாக நின்றேன். கூட வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். கடைசியில் கத்தரிக்கோலால் தையலை வெட்டினார்கள். நான்கு கருப்பட்டி, ஒரு பாட்டில் லேகியம், மாமி தன் மகனுக்கு மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலை. அவ்வளவுதான். சரி, போ என்றார்கள்.

அங்கே என்னை நடத்திய விதம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. முதல் பயணம் போகிற பையனிடம் ஒரு வார்த்தை தன்மையாகப் பேசியிருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அது எவ்வளவு சரியான கேள்வி என்பது, லோடர் வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் அந்தக் கருப்பட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை அனுப்புகிற எக்ஸ்ரே மிஷினின் திரையில் எல்லாப் பொருளும் ஒரே நிறத்தில் தெரியாது. இரும்பு போன்ற கனமான உலோகங்கள் நீலமாகத் தெரியும். சர்க்கரை, மாவு, சோப்பு, துணி, பிளாஸ்டிக் போன்றவை ஆரஞ்சாகத் தெரியும். பிளாஸ்டிக் வெடிமருந்தும் அந்த ஆரஞ்சுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்ந்த பொருள். கெட்டியாக, அடர்த்தியாக, ஒரே சீராக ஒரு ஆரஞ்சுக் கட்டி திரையில் வந்தால், மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெட்டியை நிறுத்தியே ஆக வேண்டும். நம் கருப்பட்டி அப்படித்தான் தெரியும். அல்வாவும் அப்படித்தான். அதன் பக்கத்திலேயே ஒரு டார்ச் லைட்டோ பழைய செல்போனோ, அதாவது ஒயரும் பேட்டரியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவருக்குத் திரையில் தெரிவது நிறமும் அடர்த்தியும் மட்டும்தான். மாமியின் பாசம் திரையில் தெரியாது.

அப்புறம் ஆஃப்லோட். லோடர் வேலையிலேயே அலுப்பான வேலை இதுதான். பெட்டியைப் போட்டுவிட்டு ஆள் விமானத்தில் ஏறவில்லை என்றால், அந்தப் பெட்டியை வெளியே எடுத்தாக வேண்டும். ஆள் எங்கேயோ நாற்காலியில் தூங்கிப் போயிருப்பான். கடையில் நின்றுகொண்டிருப்பான். மேலே பயணிகள் ஏன் கிளம்பவில்லை என்று சத்தம் போடுவார்கள். கீழே நாங்கள் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், அடுக்கி முடித்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு டேக் நம்பரைத் தேடுவோம். புதிதில் எனக்கும் எரிச்சலாக இருந்தது. ஒரு பெட்டிக்காக இவ்வளவா என்று எங்கள் சூப்பர்வைசரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் பஞ்சாப் பக்கத்து மனிதர், வயதானவர். ‘கனிஷ்கா தெரியுமா’ என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து சொன்னார். பிற்பாடு நானும் தேடித் தேடிப் படித்தேன்.

1985 ஜூன் 22. கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் ஒரு ஆள் பெட்டியோடு வருகிறான். டொராண்டோ வரைக்கும்தான் அவனுக்கு இடம் உறுதியாகியிருந்தது. அங்கிருந்து இந்தியா போகும் விமானத்தில் அவன் பெயர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் பெட்டியை நேராக டெல்லி வரைக்கும் டேக் போட்டு அனுப்பச் சொல்கிறான். கவுண்டரில் இருந்த பெண் முதலில் மறுத்தார். அவன் விடவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவர் சரி என்று டேக் போட்டுவிட்டார். பெட்டி போனது. அவன் போகவில்லை. டொராண்டோவில் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே மிஷின் பாதியில் பழுதாகி, கையில் பிடிக்கிற கருவியை வைத்துச் சமாளித்தார்கள். மறுநாள் 182 என்ற எண்ணில் பறந்த ஏர் இந்தியா விமானமான கனிஷ்கா, அயர்லாந்துக் கரைக்கு அப்பால் 31,000 அடி உயரத்தில் வெடித்துக் கடலில் விழுந்தது. 329 பேர் இறந்தார்கள். 131 உடல்கள்தான் கிடைத்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குச் சொந்த ஊர் பார்க்கப் புறப்பட்ட, கனடாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்கள். நிறையக் குழந்தைகள்.

அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னால், ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்திருந்தது. பாங்காக் போகும் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்ற வேண்டிய பெட்டி. அதுவும் வான்கூவரில் போட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த இரண்டு லோடர்கள் அந்த இடத்திலேயே செத்தார்கள். என்னைப் போல இரண்டு பேர். அடுத்தவன் பெட்டியைத் தூக்கியதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர்கள். அதைக் கேட்ட பிறகு ஆஃப்லோட் செய்ய நான் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

இது எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1984 ஆகஸ்டு 2-ஆம் தேதி ராத்திரி, நம் சென்னை மீனம்பாக்கத்தில் வெடித்தது. கொழும்பு விமானத்துக்கென்று போட்ட பெட்டிகள். போட்ட ஆள் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் மட்டும் நிலையத்திலேயே நின்றுவிட்டன. வெடிகுண்டு இருக்கிறது என்று போனும் வந்தது. ஆனால் ஆட்களை முழுதாக வெளியேற்றுவதற்குள் வெடித்துவிட்டது. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊருக்குத் திரும்பக் காத்திருந்த இலங்கைப் பயணிகள் பலர் அதில் உண்டு. தமிழ்நாட்டில் இவ்வளவு பெரிதாக நடந்த ஒன்றை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

இத்தனை பேர் செத்த பிறகுதான் இன்றைய விதிகள் இறுகின. நம் நாட்டில் விமானப் பாதுகாப்புக்கென்று இருக்கும் பிசிஏஎஸ் 1987-ல் தனித் துறையானதும் கனிஷ்காவுக்குப் பிறகுதான். ஆள் ஏறாத பெட்டி விமானத்தில் போகக் கூடாது என்பதை உலகம் முழுக்கக் கறாராகப் பிடிக்க, 1988 டிசம்பர் 21-ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் இன்னொரு விமானம் சிதற வேண்டியிருந்தது. விமானத்தில் இருந்த 259 பேரும், கீழே வீட்டில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். அந்தக் குண்டு ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள் இருந்தது. வெடிமருந்தின் எடை அரைக் கிலோகூட வராது என்று கணக்கிட்டார்கள். மேலே போகிற விமானத்துக்குள் நாம் மூச்சுவிடக் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள், வெளியே காற்று மிக மெலிதாக இருக்கும். நன்றாகக் காற்றடித்த டியூப் மாதிரி. அதில் குண்டு ஒரு ஓட்டை போட்டுவிட்டால், உள்ளே இருக்கும் காற்று அதை இன்னும் பெரிதாகக் கிழித்துவிடக் கூடும்.

சரி, ஆள் ஏறாமல் பெட்டி போகாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் கெட்ட எண்ணம் உள்ளவன் என்ன செய்வான்? விமானத்தில் ஏறப்போகிற ஒரு நல்ல ஆளைத் தேடுவான். தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத ஆளை.

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. 1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரூ விமான நிலையம். லண்டனில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண். வயது 32. வயிற்றில் குழந்தை. அதற்குத் தகப்பனான காதலன், உன்னை என் ஊருக்கு அழைத்துப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிறேன், நீ முன்னால் போ, நான் வேறு விமானத்தில் வருகிறேன் என்று சொல்லி, டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ஒரு பையும் கொடுத்து அனுப்புகிறான். இஸ்ரேல் போகும் விமானம். விமான நிலையத்தின் பொதுச் சோதனையில் அந்தப் பை தப்பிவிட்டது. ஆனால் விமான நிறுவனத்தின் சொந்தக் காவலர்கள் அவரிடம் தனியாகப் பேசினார்கள். பேச்சில் ஏதோ பொருந்தவில்லை. பையிலிருந்த சாமான்களை எல்லாம் வெளியே எடுத்த பிறகும் வெறும் பை கனத்தது. அடித்தளத்தைப் பிரித்தால் ஒன்றரைக் கிலோ வெடிமருந்து. நேரம் வைத்து வெடிக்கச் செய்யும் கருவி ஒரு கால்குலேட்டருக்குள் இருந்தது. அந்த விமானத்தில் 375 பேர் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணும், அவர் வயிற்றில் இருந்த பிள்ளையும் சேர்த்து.

அந்த ஆளுக்கு 45 வருடம் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் தெளிவானது. அவர் செய்ததெல்லாம், நேசித்தவன் கொடுத்ததை நம்பி வாங்கிக்கொண்டதுதான். இதை யோசிக்கும்போதெல்லாம் அந்த முதல் பயணத்தில் நின்ற இடம் எனக்கு ஞாபகம் வரும். யார் தந்தது, பிரித்துப் பார்த்தாயா. ஹீத்ரூவில் அந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டதால்தான் அத்தனை உயிர் தப்பியது.

அரசியல், தீவிரவாதம் என்று எதுவும் இல்லாமலும் இது நடந்திருக்கிறது. 1955 நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவில் டென்வரிலிருந்து கிளம்பிய விமானம் நடுவானில் வெடித்து 44 பேர் செத்தார்கள். ஒரு மகன், தாய்க்கு எடுத்த இன்சூரன்ஸ் பணத்துக்காக, தாயின் பெட்டிக்குள்ளேயே டைனமைட்டை வைத்து அனுப்பியிருந்தான். தன் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அந்தத் தாய்க்கே தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். “நாங்க கொடுத்து விடுறது சிப்ஸும் கருவாடும். அதுல போய் யாரு குண்டு வைக்கப் போறா?” நியாயம்தான். உங்களை யாரும் சந்தேகப்படவில்லை. நான் நினைப்பது உங்கள் கையிலிருந்து வரும் பொட்டலத்தைப் பற்றி இல்லை, உங்கள் கை வழியாக வரும் பொட்டலத்தைப் பற்றி. யோசித்துப் பாருங்கள். மகன் போனில் சொல்வான், என் ரூமில் இருக்கிற ஒருத்தனுக்கு அவன் மாமா ஒரு பார்சல் தருவார், வாங்கி நம்மூர்ப் பையனிடம் கொடுத்துவிடும்மா என்று. அந்த மாமா யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் ஆட்டோவில் ஒரு பையனிடம் கொடுத்து அனுப்புவார். நீங்கள் வாங்கி வைப்பீர்கள். மறுநாள் கொண்டு கொடுப்பீர்கள். மூன்று, நான்கு கை மாறி, யார் கட்டினார்கள் என்றே தெரியாத பொட்டலம், உங்கள் முகத்துக்காக ஒரு பையன் பெட்டிக்குள் ஏறிவிடும். உங்கள் முகத்தைத்தான் அவன் நம்பினான், பொட்டலத்தை இல்லை.

குண்டு மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. அடுத்தவர் கொடுத்த பொட்டலத்தில் போதைமருந்து இருந்து வளைகுடா ஜெயிலில் கிடந்தவர்கள் உண்டு. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள். மசாலா சாமானோடு தெரியாமல் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் கொண்டு போன பையன். கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான். நம் தென்னந்தோப்புக் கொப்பரையில் என்ன ஆபத்து என்று தோன்றும். எண்ணெய் நிறைந்த அந்தக் காய் அடைத்த இடத்தில் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. அதனால்தான் அதைப் பெட்டியில் போட விடுவதில்லை. முழுத் தேங்காயைக் கையில் கொண்டு போகும் பைக்குள்ளும் வைக்க விடுவதில்லை. சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காய்க்கு 2024-ல் சீசன் காலத்துக்கு மட்டும் தனியாக அனுமதி கொடுத்தார்கள், அதுவும் எல்லாச் சோதனையும் செய்துதான். பவர் பேங்க் பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். லோடர்களுக்கு அந்த பேட்டரிகளை நினைத்தாலே பயம். ஹோல்டுக்குள், அதாவது பெட்டி அடுக்குகிற விமானத்தின் வயிற்றுக்குள், தீப்பிடித்தால் பார்க்க ஆள் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பயணம் போகிற தம்பிகளுக்கு. சில இடங்களில் ஒரு சின்னத் துணித்துண்டால் உங்கள் கையையோ பையின் கைப்பிடியையோ துடைத்து ஒரு மிஷினில் வைப்பார்கள். வெடிமருந்தின் துகள், கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தால்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் குண்டோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவனிடமும் அது சத்தம் போடும். கல்குவாரியில் வெடி வைக்கும் வேலை பார்த்துவிட்டு அதே பையோடு போகிறவன், கோவில் திருவிழாவுக்கு வெடி கட்டிக் கொடுத்தவன், தோட்டத்துக்கு நைட்ரேட் உரம் போட்டவன், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கையாண்டவன். நம் மாவட்டத்தில் இப்படி எத்தனை பேர்! சத்தம் கேட்டால் பதற வேண்டாம். ஓட வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். என்ன வேலை பார்க்கிறேன், எதைத் தொட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். இன்னொரு தடவை சோதிப்பார்கள், விட்டுவிடுவார்கள். உங்கள் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் குரல் நடுங்காது. தெரியாத ஒரு பொட்டலம் உள்ளே இருந்தால், ஒரு தப்பும் செய்யாதவன்கூடத் திணறுவான். நான் திணறினேன்.

விளையாட்டுக்குக்கூட ‘பெட்டியில் குண்டா வச்சிருக்கேன்’ என்று வாய்விட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபரில் சில வாரங்களுக்குள் நம் நாட்டு விமானங்களுக்கு நூற்றுக்கணக்கில் பொய் மிரட்டல்கள் வந்தன. அதற்கு முன் ஆகஸ்டில், மும்பையிலிருந்து வந்த ஒரு விமானத்துக்கு மிரட்டல் வந்து, திருவனந்தபுரத்தில் இறக்கித் தனியிடத்துக்குக் கொண்டு போய் ஆட்களை வெளியேற்றிச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் உண்மை என்றே எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். வேறு வழி அவர்களுக்கு இல்லை.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கொண்டு போகிறவனிடம், வாங்கும்போது பிரித்துப் பார் என்று சொல்லிப் பயனில்லை. இருபத்திரண்டு வயசுப் பையன் பெரியவர்கள் முன்னால் டேப்பைக் கிழிக்க மாட்டான். அதனால் கொடுக்கிறவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும். பொட்டலத்தை ஒட்டாமல் கொண்டு வாருங்கள். அவன் முன்னால், அவன் அம்மா முன்னால் திண்ணையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுங்கள். இது சிப்ஸ், இது ஊறுகாய், இது மாத்திரை, இதற்கு டாக்டர் சீட்டு இது என்று சொல்லுங்கள். அப்புறம் அவனே பெட்டியில் அடுக்கட்டும், அவனே ஒட்டட்டும். நீங்களாக முன்வந்து பிரித்தால் அதில் அவமானம் யாருக்கும் இல்லை. அவன் கேட்கும்படி விட்டால்தான் சங்கடம்.

ஃபேக்டரி சீல் போட்ட எலக்ட்ரானிக் சாமான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்பீக்கர், ரேடியோ, மிக்சி எதுவானாலும் போட்டுக் காட்டுங்கள். ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் பிரித்துவிடலாம். மூன்றாவது ஆளிடமிருந்து வந்த பார்சலை, அந்த ஆள் நேரில் வந்து பிரிக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். ஊரிலிருந்து போவதற்கு மட்டும் இல்லை, அங்கிருந்து பிள்ளைகள் வரும்போது ரூம்மேட் கொடுத்துவிடுகிற பெட்டிக்கும் இதுதான். இதை உங்கள் மகனிடம் போனில் நீங்களே சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆள் சொன்னால் பயமுறுத்துகிறான் என்பான். அம்மா சொன்னால் கேட்பான்.

பங்குத்தந்தையர்களுக்கும் கோவில் கமிட்டிக்காரர்களுக்கும் ஜமாத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு வந்துபோகிறவர்கள், கிறிஸ்துமஸ் முடிந்து திரும்புகிறவர்கள், பெருநாள் லீவுக்கு வந்த குளச்சல், தக்கலைப் பிள்ளைகள் என்று திரும்பும் கூட்டம் ஒரே சமயத்தில் சேரும். அந்த நாட்களில் பொட்டலம் கொடுத்துவிடுவதும் அதிகம். பூசை முடிந்து வாசிக்கிற அறிவிப்பிலோ, தொழுகைக்குப் பிறகோ, கோவில் மைக்கிலோ இரண்டு வரி சொன்னால் போதும். விதிகளை ஊர் ஊராக, தமிழில், படம் போட்டு ஒட்டச் சொல்லி விமான நிலைய அதிகாரிகளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இந்தி தெரியாத பையன் புரியாத கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனால், அந்தக் கேள்வியைக் கேட்டும் கேட்காத மாதிரிதான். அவர்கள் செய்கிறபோது செய்யட்டும். திண்ணையில் பொட்டலம் பிரிக்க நமக்கு யார் உத்தரவும் வேண்டாம்.

என் முதல் பயணத்தில் பொட்டலம் தந்த மாமி இப்போது இல்லை. இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். மாமி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நான் தைக்காம இருந்திருக்கணும் மக்களே” என்றார். அதற்குப் பிறகு தன் மகனுக்கு என்ன கொடுத்துவிட்டாலும், ஒரு பனை ஓலைப் பெட்டியில் திறந்தபடி கொண்டு வந்து என் அம்மா முன்னால் எடுத்து எடுத்து வைப்பார்.

அடுத்த புதன்கிழமை ராத்திரி என் அக்கா மகன் கிளம்புகிறான். பொட்டலம் தர நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். எல்லாவற்றையும் திறந்தபடியே கொண்டு வாருங்கள். எடை மிஷினும் டேப்பும் கயிறும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்தே கட்டுவோம்.

அன்புடன்,
கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பழைய லோடர்